இரண்டு மணிப் பசி

பெரியதாழையிலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: "வீட்டுக்காரர் ராத்திரி இரண்டு மணிக்குத் தொழிலுக்குப் போவார். அதோடு என் தூக்கமும் போயிடும். வள்ளம் கரை சேருகிற வரை சாயா, பன்னு, முறுக்கு என்று கை போய்க்கொண்டே இருக்கு. எடை 78 கிலோ. 'வாயைக் கட்டு' என்கிறார்கள். முடியலையே?"

அம்மா, முதலில் உங்கள் வாயைத் திட்டுவதை நிறுத்துங்கள். தமிழ்நாட்டில் உடல் எடை கூடிய பெண்கள் 2015-16இல் 30.9 சதவீதம், 2019-21இல் 40.4 சதவீதம். சில ஆண்டுகளில் இத்தனை பேருக்கு ஒரே சமயத்தில் நாக்கு நீண்டுவிடுமா? மாறியது வாழ்க்கை.

உங்களுக்குத் தூக்கம்தான் முதல் முடிச்சு. 2004இல் சிகாகோவில், ஆரோக்கியமான 12 இளைஞர்களை இரண்டே இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுக்க விட்டுப் பார்த்தார்கள். போதும் என்று சொல்லும் லெப்டின் ஹார்மோன் 18 சதவீதம் குறைந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் 28 சதவீதம் ஏறியது. இனிப்பும் உப்பும் மாவுப் பண்டமும்தான் அவர்கள் அதிகம் கேட்டவை. உங்கள் பன்னும் முறுக்கும் அதே கணக்கு. அதன்மேல், காற்று ஓங்கும் இரவில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பயம் வேறு. அந்தப் பயத்துக்கு மெல்லுவது கொஞ்ச நேரம் ஆறுதல் தருகிறது. அது குற்றமில்லை.

ஆகவே, இரவு ஒன்பது மணிக்கே படுத்துவிடுங்கள். அவரை வழியனுப்பியதும் விளக்கை அணைத்து மறுபடி படுங்கள். செல்போன் கைக்கெட்டாத இடத்தில் ஒலிக்கும்படி இருக்கட்டும். பண்டத்தை வீட்டில் வாங்கி நிரப்பாதீர்கள். எல்லாரும் தின்ற பிறகு சட்டியில் மிஞ்சியதை வழித்துத் தின்னும் பழக்கத்தை விட்டு, பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். சாளை மீன் குழம்பைக் குறைக்க வேண்டாம், சோற்றைக் குறையுங்கள். விருந்து வீட்டில் முதலூர் மஸ்கோத் அல்வாவை நீட்டினால் ஒரு துண்டு எடுங்கள். மறுத்து மனத்தாங்கல் வேண்டாம்.

இடுப்பை அளந்து பாருங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை. 78 கிலோவில் நான்கு கிலோ குறைந்தாலே சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நல்லது. தைராய்டு, சர்க்கரை இரண்டையும் சோதித்துவிடுங்கள். ஸ்டீராய்டும் சில மனநோய் மாத்திரைகளும் எடையைக் கூட்டும். ஆனால் மருத்துவரைக் கேட்காமல் எதையும் நிறுத்தக் கூடாது.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் ஒட்டவில்லை, அழுகை வருகிறது என்றால் 14416 என்ற டெலி-மனாஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசில்லை. மனச்சோர்வு எடையைக் கூட்டும், எடை மனச்சோர்வைக் கூட்டும். இரண்டுக்கும் சேர்த்தே வைத்தியம் வேண்டும்.

வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை. 'குண்டு' என்ற பேச்சு இன்றோடு வீட்டில் நிற்கட்டும். கேலிக்கு ஆளானவர்கள் ஒளித்துத்தான் அதிகம் தின்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தொழில் இல்லை அல்லவா? அன்று சாயங்காலம் மனைவியோடு கரையோரமாக அரை மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள், அண்ணே.