பறக்கும் தட்டும் பாங்காங் ஏரியும்

புசா ரோட்டில் எங்கள் மொட்டைமாடியில் ஒரு மாலை உலாவிக்கொண்டிருந்தபோது மேற்கே பளிச்சென்று ஒரு வெளிச்சம். "தாத்தா, பறக்கும் தட்டு!" என்றான் பேரன். "அது சுக்கிரன்" என்றேன். "எப்படித் தெரியும்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்லவேண்டியிருக்கிறது.

நம் தில்லிக்கும் இந்த விஷயத்தில் பழைய சரித்திரம் உண்டு. 1951 மார்ச் 15 அன்று இங்குள்ள விமானப் பயிற்சிக் கழகத்தினர் 25 பேர் வானத்தில் சுருட்டு வடிவில் உலோகம் போன்ற ஒரு பொருளைக் கண்டதாக அமெரிக்க உளவுத்துறையின் பழைய கோப்பு சொல்கிறது. நீளம் சுமார் 100 அடியாம். விமானம் தெரிந்தவர்கள், ஒருவரல்ல, 25 பேர். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. என்னை உறுத்துவது அந்த 100 அடிதான்.

ஜண்டேவாலான் பக்கத்து 108 அடி அனுமார் சிலையை ஒரு மைல் தள்ளி நின்று பார்த்தால், நீட்டிய கையின் சுண்டுவிரல் அகலத்தை விடச் சற்றே அதிகமாகத் தெரியும். கோணம் ஒரு டிகிரிக்குச் சற்று மேல். 500 அடி தூரத்தில் 10 அடி பலூன் ஒன்றை வைத்தாலும் அதே கோணம்தான். கண் அளப்பது கோணத்தை மட்டுமே. தூரம் தெரியாமல் நீளம் சொல்ல முடியாது. நீளம் தெரியாமல் வேகமும் சொல்ல முடியாது.

இதை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை. வேலையில் சேர்ந்த புதிதில், நேர்கோடாக ஓடும் ஒரு பாதையில், இருட்டும் நேரத்தில் டிராலியில் வந்துகொண்டிருந்தேன். எதிரே எஞ்சின் விளக்கு. வெகுநேரமாக ஒரே மாதிரி தெரிந்ததால் அடுத்த ஸ்டேஷனில் வண்டி நிற்கிறது என்று முடிவு கட்டினேன். டிராலிமேன் பெரியவர் ஒப்பவில்லை. "இறக்கிடலாம் சார்" என்று டிராலியைத் தூக்க ஆரம்பித்துவிட்டார். மூன்று நிமிடத்தில் மெயில் வண்டி எங்களைத் தாண்டிப் போயிற்று. நேரே நம்மை நோக்கி வரும் விளக்கு கடைசி நேரம் வரை அசைவதாகவே தெரியாது. நான்கு பேர் உயிர் என் கண்ணை நம்பியிருந்தது, கண் ஏமாந்தது.

லடாக்கில் நடந்தது இதைவிடப் பெரிது. 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை பாங்காங் ஏரிப் பகுதியில் நம் ராணுவத்தினர் ஒளிப் பொருள்களை 329 முறை பதிவு செய்தார்கள். அவற்றில் 155 முறை எல்லை தாண்டி வந்ததாகக் குறிப்பு. சீனாவின் ஆளில்லா விமானங்கள் என்ற சந்தேகம். ரேடார் கொண்டுவந்தார்கள், அதில் ஒன்றும் விழவில்லை. உடனே "அப்படியானால் அது உலோகமல்ல" என்ற ஊகம் பத்திரிகைகளில் வந்தது. ரேடாருக்கு எட்டாத தூரத்தில் இருக்கலாம் என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை!

கடைசியில் பெங்களூர் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் விஞ்ஞானிகளைக் கேட்டார்கள். வெளிச்சம் தெரியும் திசை, உயரக் கோணம், நேரம் மூன்றையும் வானவியல் கணக்கோடு ஒப்பிட்டதில் குட்டு வெளிப்பட்டது: ஒன்று வியாழன், மற்றது சுக்கிரன். வியாழன் அப்போது 60 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. 2013 ஏப்ரலில் தெப்சாங்கில் இரு படைகளும் மூன்று வாரம் எதிரெதிரே நின்றதை நினைத்துப் பாருங்கள். அந்தச் சூழ்நிலையில் ஒரு கிரகத்தை எதிரியின் விமானம் என்று எண்ணுவது விளையாட்டல்ல.

எல்லாவற்றுக்கும் விடை கிடைத்துவிட்டதா? இல்லை. அமெரிக்க விமானப்படை 1969 வரை பதிவு செய்த 12,618 சம்பவங்களில் 701 இன்னும் விளங்காதவை. 2023 நவம்பர் 19 அன்று இம்பால் விமான நிலையத்தை சில மணி நேரம் முடக்கிய பொருள் என்னவென்றும் தெளிவாகவில்லை. ஆனால் "இன்னதென்று தெரியவில்லை" என்பதிலிருந்து "வேற்றுலகத்தினுடையது" என்பதற்குத் தாவ நடுவில் பாலமே இல்லை. தண்டவாளம் விரிந்த காரணம் தெரியாவிட்டால் "காரணம் தெரியவில்லை" என்றுதான் ரிப்போர்ட் எழுதுவோம். பேய் விரித்தது என்று எழுதமாட்டோம். நாசா அமைத்த குழுவும் 2023-இல் தந்த அறிக்கையில் வேற்றுலகத் தொடர்புக்கு ஆதாரம் காணவில்லை. நல்ல அளவீடுகளே குறைவு என்றது.

எந்த ஆதாரம் வந்தால் ஒப்புக்கொள்வேன்? இரண்டு இடங்களிலிருந்து ஒரே கணத்தில் தியோடலைட் வைத்து அளந்த கோணங்கள் வேண்டும். அவை இருந்தால் தூரம் வந்துவிடும். தூரம் வந்தால் அளவும் வேகமும் வரும். அல்லது சோதனைச்சாலையில் அறுத்துப் பார்க்க ஒரு துண்டு வேண்டும். 25 பேர் சாட்சி எனக்குப் போதாது. அந்த மாலை டிராலியில் நாங்கள் நான்கு பேரும் அதே விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பேரனிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்திருக்கிறேன். நேரம், திசை, எத்தனை விரல் உயரம், நட்சத்திரங்களோடு சேர்ந்து நகர்கிறதா என்று எழுதுகிறான். இதுவரை 14 பதிவுகள். ஒன்பது பாலம் விமான நிலையத்தில் இறங்கும் விமானங்கள், மூன்று சுக்கிரன், ஒன்று சுதந்திர தினத்தன்று யாரோ பட்டத்தில் கட்டிவிட்ட விளக்கு. ஒன்று பாக்கி. ஜனவரி மூடுபனியில் பார்த்தது, கோணம் எடுக்கவில்லை.