பென்ஹர்: ஏட்டிலும் திரையிலும்

"பென்ஹர்" திரைப்படத்தைப் பார்த்தவர்களிடம் அதன் கதையைக் கேட்டால், பெரும்பாலானோர் தேரோட்டப் பந்தயத்தில் தொடங்கி அதிலேயே முடித்துவிடுவர். 212 நிமிடங்கள் ஓடும் படத்திலே அப்பந்தயம் ஏறக்குறைய ஒன்பது நிமிடங்கள்தான். மிகுதி மூன்று மணி நேரத்திற்கு மேலாக இயக்குநர் வில்லியம் வைலர் எதைச் சொல்ல முயன்றார் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். அதற்கும் மூலமாக ஒரு நாவல் உண்டென்பதை அறிந்தோர் அவர்களிலும் சிலரே.

1959இல் வெளிவந்த இப்படம் 12 ஒஸ்கார் விருதுகளுக்கு முன்மொழியப்பட்டு 11 விருதுகளைப் பெற்றது. தவறிப்போன அந்த ஒன்று எது தெரியுமா? வேறொரு நூலைத் திரைக்கேற்ப எழுதியமைக்கான விருது! நடிப்பும் இசையும் ஒளிப்பதிவும் போற்றப்பட்டன. நாவலைத் திரைக்கதையாக்கிய வேலை மட்டும் பரிசின்றி நின்றது. அத்தீர்ப்பு சரியா என்று பார்ப்பதற்காகவேனும் நூலையும் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயனுடையது. தவக்காலம் வந்தால் இப்படத்தை மீண்டும் போட்டுப் பார்க்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்களை மனதிற்கொண்டே இதை எழுதுகிறோம்.

நாவலை எழுதியவர் குருவானவரோ மறைநூல் வல்லுநரோ அல்லர்; போர்வீரர். அமெரிக்க உள்நாட்டுப் போரிலே ஜெனரலாக இருந்த லூ வொலஸ். 1862இல் ஷைலோ போர்க்களத்திற்குத் தம் படையுடன் காலந்தாழ்த்தி வந்தாரென்ற பழி அவரை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. 1876இல் இரயில் பயணமொன்றில், கடவுள் நம்பிக்கையை வெளிப்படையாக மறுத்துவந்த றொபேட் இங்கர்சோல் என்ற பேச்சாளரோடு உரையாட நேர்ந்தது. இங்கர்சோல் அடுக்கிய கேள்விகளுக்கு விடை சொல்லத் தம்மிடம் எதுவுமில்லையே என்று வெட்கப்பட்ட வொலஸ், வாதாடுவதை விட்டுப் படிக்கத் தொடங்கினார். முன்னரே எழுதி வைத்திருந்த மூன்று ஞானிகளின் கதையைத் தொடக்கமாக வைத்து, கல்வாரி வரை கதையை நீட்டினார். நியூ மெக்சிக்கோவின் ஆளுநராக இருந்த காலத்தில் அதை எழுதி முடித்தார். 1880இல் நூல் வெளிவந்தது. அதுவரை அவர் பரிசுத்த நாட்டைக் கண்ணாலும் கண்டதில்லை. வரைபடங்களையும் நூல்களையும் கொண்டே எருசலேமின் தெருக்களைக் கட்டினார். நூலை எழுதி முடிக்கையில் தாம் விசுவாசியாகியிருந்ததாக அவரே பின்னர் தெரிவித்துள்ளார். ஆயினும் எந்தத் திருச்சபையிலும் அவர் உறுப்பினராகச் சேரவில்லை.

போர்வீரன் எழுதிய கதை என்பதை மறவாமல் நாவலைப் படிக்கவேண்டும். ஏனெனில் நூலின் நடுநாடி பழிவாங்கலன்று, வாள்தான். யூதா பென்ஹர் என்னும் இளைஞன் உரோமையரால் குடும்பத்தையும் சொத்தையும் இழந்து, கப்பலிலே துடுப்பு வலிக்கும் அடிமையாகி, மீண்டு வருகிறான். பழைய நண்பன் மெசாலாவைப் பந்தயத்தில் வீழ்த்துவதோடு கதை முடியவில்லை. வரப்போகும் யூதர்களின் அரசருக்காக அவன் கலிலேயாவில் மூன்று படையணிகளை இரகசியமாகத் திரட்டிப் பயிற்றுகிறான். வணிகர் சிமோனிதெஸ் அதற்குப் பணம் தருகிறார். பல்தசார் என்னும் முதிய ஞானியோ, வரும் அரசர் ஆன்மாக்களின் அரசர், அவருக்குப் படை வேண்டியதில்லை என்கிறார். இந்த இரு கிழவர்களுக்கும் நடுவில் நிற்கிறான் யூதா. ஆண்டவருடைய புதுமைகளை அவன் கண்ணாரக் காண்கிறான். கண்டும் வாளை உறையிலிடவில்லை. இத்தனை வல்லமையுள்ளவர் ஏன் அரியணை ஏறாமல் நடந்துகொண்டேயிருக்கிறார் என்பதே அவனது குழப்பம். விடுதலை வேண்டும் மக்களிடையே வாழும் இளைஞனின் குழப்பம் அது. நமது மண்ணின் வாசகர்களுக்கு அதை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

கெத்சமனித் தோட்டத்தில் வொலஸ் துணிச்சலான ஒரு காரியம் செய்கிறார். புனித மாற்கு நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்திலே, ஆண்டவர் பிடிபட்டபோது போர்த்தியிருந்த துணியை விட்டுவிட்டு ஓடிய ஓர் இளைஞனைப் பற்றி இரண்டு வசனங்கள் வருகின்றன. அவன் யாரென்று நற்செய்தியாளர் சொல்லவில்லை. அவன்தான் பென்ஹர் என்கிறது நாவல்! காவலர் நடுவே நடந்துபோகும் ஆண்டவரை நெருங்கி, நான் ஆட்களோடு வந்து மீட்டால் ஏற்றுக்கொள்வீரா என்று கேட்கிறான். பதிலில்லை. மறுபடியும் கேட்கிறான், அப்போதும் பதிலில்லை. பிறகு காவலர் கையில் அகப்பட்டு, துணியை உதறிவிட்டு ஓடுகிறான். அந்த மௌனமே நாவலின் உச்சக்கட்டம் என்பது நமது கருத்து.

திரைப்படத்தில் இவை எவையும் இல்லை. படையணிகள் இல்லை, கெத்சமனிக் கேள்வி இல்லை. வைலரும் அவருடைய எழுத்தாளர்களும் வேறொரு கேள்வியை எடுத்துக்கொண்டனர்: பகைமை ஒரு மனிதனை உள்ளிருந்து எப்படித் தின்கிறது, அது எப்படி வெளியேறும்? இதற்காகவே மெசாலாவுடனான நட்பு படத்தில் பெரிதாக வளர்க்கப்படுகிறது. இருவரும் ஈட்டி எறிந்து விளையாடுகிறார்கள்; இரு உத்தரங்கள் சந்திக்கும் ஒரே இடத்திலே இரண்டும் குத்தி நிற்கின்றன. அதன்பின், உரோமைக்கு எதிராகப் பேசுவோரின் பெயர்களைக் கொடு என்று மெசாலா கேட்க, யூதா மறுக்கிறான். நாவலில் இந்தக் காட்டிக்கொடுக்கும் பேச்சே இல்லை. உரோமையில் படித்துவிட்டு வந்தவனின் ஆணவமும் ஏளனமுந்தான் அங்கே நட்பை முறிக்கின்றன. இதிலே படம் நூலை விஞ்சிவிட்டதென்றே சொல்வோம்.

ஆனால் அதே படம் வேறோரிடத்தில் நாயகனுக்கு வெள்ளையடித்துவிடுகிறது. பந்தயத்தையே பாருங்கள். படத்தில் மெசாலாவின் தேர்ச் சக்கரத்திலே கூரிய இரும்புப் பற்கள் சுழல்கின்றன. அவன் மற்றவர்களின் தேர்களை அறுத்துத் தள்ளிக்கொண்டு வந்து, கடைசியில் தன் வினையாலேயே விழுகிறான். யூதாவின் கை சுத்தம். நாவலில் அப்படியல்ல. பென்ஹர் தன் தேரை வேண்டுமென்றே நெருக்கி, தன் அச்சு முனையால் மெசாலாவின் சக்கரத்தைச் சிதைக்கிறான். வன்மத்தோடு, கணக்குப் போட்டுச் செய்கிறான். குதிரைகளின் நிறத்திலும் இதே வேறுபாடுதான். படத்திலே நல்லவனுக்கு நான்கு வெள்ளை, கெட்டவனுக்கு நான்கு கறுப்பு. நாவலிலோ பென்ஹரின் நான்கும் செந்தவிட்டு நிறம். மெசாலாவுடையவை இரண்டு கறுப்பும் இரண்டு வெள்ளையும். பாவமன்னிப்புப் பெறவேண்டியவன் பாவம் செய்திருக்கவேண்டுமல்லவா? அந்த வகையில் கிழட்டு ஜெனரல் ஹொலிவூட்டை விட நேர்மையானவர். (பந்தயம் நடப்பதும் நாவலிலே அந்தியோக்கியாவில், படம் அதை எருசலேமுக்கு மாற்றிவிட்டது.)

பந்தயத்துக்குப் பின் மெசாலாவுக்கு என்ன நேர்கிறது? படத்தில் உடல் நொறுங்கி மரண மேசையிலே கிடக்கும் அவன், உன் தாயும் தங்கையும் சாகவில்லை, தொழுநோயாளரிடையே போய்த் தேடு என்று சொல்லிவிட்டே சாகிறான். சாகும்போதும் அவன் எறிந்த ஈட்டி அது. பகைவன் போனபின்பும் பகை போகவில்லை. அது உரோமை முழுவதன் மேலும் படர்கிறது. மலைப்பொழிவைக் கேட்க எஸ்தர் போகிறாள். யூதா அருகே வந்தும் விலகிச் செல்கிறான். இவ்விடம் மிக உண்மையாக எடுக்கப்பட்டுள்ளது. நாவலிலோ மெசாலா சாகவில்லை. நடக்க முடியாதவனாகி, பந்தயப் பணயத்திலே செல்வத்தையும் இழந்து, பென்ஹரைக் கொல்ல ஆள் ஏவுகிறான். அதுவும் பலிக்கவில்லை. ஆண்டுகள் கழிந்தபின் அவனைக் கொல்பவள் ஐராஸ், பல்தசாரின் மகள். யூதாவையும் மயக்க முயன்று, தந்தையையும் கைவிட்டு மெசாலாவிடம் போனவள். ஐராசைப் படம் முற்றாக நீக்கிவிட்டது. மேடை நாடகத்திற்கேற்ற மாயக்காரி அவள்; அவள் போனதில் நமக்கு வருத்தமில்லை.

வருத்தம் தருவது வேறொரு நீக்கம். சிறையிலிருந்து தொழுநோயோடு வெளிவரும் தாயும் மகளும் இரவிலே தம் பழைய வீட்டைப் பார்க்க வருகிறார்கள். வாசற்படியில் ஒருவன் உறங்குகிறான். அவன் யூதா. எட்டு ஆண்டுகளாகக் காணாத மகன்! தொட்டால் நோய் தொற்றிவிடும் என்ற பயத்தால் தாய் அவனை எழுப்பவில்லை. நிலத்தில் தவழ்ந்து சென்று, அவன் செருப்பின் அடிப்பாகத்தை மட்டும் முத்தமிடுகிறாள். மகன் தூக்கத்தில் அம்மா என்று முனகுகிறான். இருவரும் நகர்ந்து போய்விடுகிறார்கள். நாவல் முழுவதிலும் இதற்கு ஈடான பக்கம் வேறில்லை. 1959ஆம் ஆண்டுப் படத்தில் இக்காட்சி இல்லை; அவர்கள் எஸ்தரைச் சந்தித்து, தாங்கள் உயிரோடிருப்பதை யூதாவிடம் சொல்லவேண்டாமென்று கெஞ்சுவதோடு படம் அமைந்துவிடுகிறது. அதுவும் உருக்கமானதே, ஆனால் அந்தச் செருப்படி முத்தத்தைக் கமெரா காட்டியிருந்தால் தாய்மார் யாருக்கும் வசனம் தேவைப்பட்டிராது.

அவர்கள் குணமாகும் நேரத்தையும் படம் மாற்றியுள்ளது. நாவலில் குருத்தோலை ஞாயிறன்று, எருசலேமுக்குள் பவனியாக வரும் ஆண்டவரை வழியில் நின்று கூவியழைத்துக் குணம் பெறுகிறார்கள். நற்செய்தியின் தொழுநோயாளர் குணமடையும் முறைக்கு இது ஒத்தது: கேட்டார்கள், பெற்றார்கள். படத்தில் சிலுவை மரணத்தின்போது இடியும் மழையும் வர, குகையொன்றில் ஒதுங்கியிருக்கும் அவர்கள் சுகமாகிறார்கள்; ஆண்டவரின் இரத்தம் மழைநீரோடு கலந்து ஓடுகிறது. இது கற்பனைதான். ஆயினும் மறைக்கல்வி ஆசிரியர் ஒருவர் மீட்பைப் பற்றி அரைமணி நேரம் பேசியும் சொல்லமுடியாததை அந்தச் சிறு நீரோட்டம் சொல்லிவிடுகிறது. பிள்ளைகளோடு பார்ப்பவர்கள் அவ்விடத்தில் படத்தைச் சற்று நிறுத்தி, அவர்கள் என்ன விளங்கிக்கொண்டார்கள் என்று கேட்டுப் பார்க்கலாம்.

ஆண்டவரின் திருமுகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நாசரேத்துக் கிணற்றடியில் பென்ஹருக்குத் தண்ணீர் கொடுக்கும் இளைஞரை வொலஸ் விரிவாக வர்ணிக்கிறார்: பழுப்பு நிறக் கூந்தல், கருநீலக் கண்கள். நம் வீட்டுச் சுவர்களில் தொங்கும் பழைய மேனாட்டுப் படங்களின் இயேசுவே அவர். வைலர் அந்த வலையில் விழவில்லை. முகத்தைக் காட்டவில்லை, குரலையும் கேட்கவிடவில்லை. யூதாவுக்குத் தண்ணீர் கொடுக்காதே என்று அதட்ட எழும்பும் உரோமைப் படைவீரன், நிமிர்ந்து பார்க்கிறான், தடுமாறுகிறான், திரும்பிப் போகிறான். அவன் முகத்திலேயே நாம் ஆண்டவரின் முகத்தைக் காண்கிறோம். திருப்பாடுகளின் காட்சியை மேடையேற்றும் நம் இளைஞர்கள், இயேசுவுக்கு வேடமிட ஆள் தேடி அலையுமுன் இக்காட்சியை ஒருமுறை பார்ப்பது நல்லது. இதில் வொலஸுக்கும் நியாயம் செய்யவேண்டும். 1899இல் இக்கதை நாடகமானபோது, மனிதர் எவரும் கிறிஸ்துவாக நடிக்கக்கூடாதென்பது அவருடைய நிபந்தனை. ஓர் ஒளிக்கற்றையே அவரைக் குறித்தது.

தண்ணீர்க் காட்சிக்குத் திரும்புவோம். படத்தில் அதற்கொரு மறுபாதி உண்டு. சிலுவை சுமந்து விழும் ஆண்டவருக்கு யூதா ஓடிப்போய்த் தண்ணீர் கொடுக்க முயல்கிறான். அப்போதுதான் அவரை அடையாளம் காண்கிறான். நூலில் இக்காட்சி இல்லை என்று பலர் எண்ணுகின்றனர். வேறு உருவில் உண்டு. கல்வாரியில் ஆண்டவர் தாகமென்றபோது, காடியில் தோய்த்த கடற்பஞ்சை எடுத்து ஓடியவன் பென்ஹர் என்கிறார் வொலஸ். கூட்டம் தடுத்தும் அவன் நிற்கவில்லை. படம் அதைச் சிலுவைப் பாதைக்கு நகர்த்தியது. நன்றிக்கடனின் வடிவம் மாறவில்லை.

இந்நாவலைத் திரையில் கண்ட வேறு முயற்சிகளும் உள. 1907இல் அனுமதி பெறாமலே சிறு படமொன்று எடுத்தார்கள். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், நூலைப் படமாக்க உரிமை பெறவேண்டுமென்று 1911இல் தீர்ப்பாயிற்று. இன்றைய திரைப்பட எழுத்தாளர்கள் பென்ஹருக்கு நன்றி சொல்லவேண்டும். 1925இல் றமோன் நொவாறோ நடித்த பேசாப்படம் வந்தது. 2016இல் வந்த புதிய படத்தில் ஆண்டவர் முகம் காட்டுகிறார், பேசவும் செய்கிறார். காலிழந்த மெசாலாவும் யூதாவும் கட்டித் தழுவிச் சமாதானமாகிறார்கள். நாவலிலும் 1959ஆம் ஆண்டுப் படத்திலும் நிகழாத ஒப்புரவு இது. கருத்து உயர்ந்ததே, ஆனால் அழுத்தமான காரணமின்றி அவசரமாக வருகிறது. மூன்று மணி நேரம் பகையோடு போராடாத மனிதன் தரும் மன்னிப்பு மலிவாகத் தெரிகிறது. வைலரின் படத்தையே 1995இல் வத்திக்கான், திரைப்படக் கலையின் நூற்றாண்டையொட்டி வெளியிட்ட 45 சிறந்த படங்களின் பட்டியலில் சமயப் பிரிவிலே சேர்த்தது.

நூலைப் படிக்க விரும்புவோர் முதற்பாகத்தின் நீண்ட வர்ணனைகளைக் கண்டு அஞ்சவேண்டாம். அவசரமுள்ளோர் இரண்டாம் பாகத்திலிருந்து தொடங்கி, படம் பார்த்தபின் எட்டாம் பாகத்தை ஆறுதலாகப் படிக்கட்டும். படம், ஆளில்லாத சிலுவைகளின் முன் ஆடுகளோடு போகும் ஓர் இடையனோடு முடிகிறது. வொலஸ் இன்னும் சில ஆண்டுகள் நடக்கிறார். நீரோவின் காலத்தில் உரோமைக் கிறிஸ்தவர்களுக்குத் துன்பம் வந்ததைக் கேள்விப்பட்ட பென்ஹர், படை திரட்டச் சேர்த்த பெருஞ்செல்வத்தை எடுத்துச் சென்று, நிலத்தின் கீழே அவர்களுக்கு ஓர் இடம் தோண்டுவிக்கிறான். புனித கலிஸ்துவின் நிலக்கல்லறை அப்படித்தான் உண்டானதென்று ஜெனரல் தம் கதையை முடிக்கிறார்.