அறிவுரைக்கு முன் ஒரு கேள்வி

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு வட்டார வள மையத்தில் கிடைக்கும் இயன்முறைப் பயிற்சி வாரத்தில் சில மணி நேரமே. மீதி நாள்களில் வீட்டில் தொடர வேண்டும். பலமுறை சொல்லியும் பெற்றோர் செய்யவில்லையெனில் என்ன செய்வது?

இங்கு உதவுவது ஊக்கமூட்டும் நேர்காணல். மதுப்பழக்கச் சிகிச்சைக்காக உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் இதை விளக்கினார். பின்னர் ஸ்டீபன் ரோல்னிக்குடன் இணைந்து வளர்த்தார். இன்று மறுவாழ்வுச் சிகிச்சையிலும் பயன்படுகிறது. நாம் வற்புறுத்தினால் எதிரிலிருப்பவர் மறுக்கவே காரணம் தேடுவார். மாற்றத்துக்கான காரணத்தை அவரே சொல்லும்படி பேசுவதே இம்முறை.

நான்கு திறன்கள்:

1. திறந்த வினா: "பயிற்சி செய்தீர்களா?" என்னாமல், "வீட்டில் பயிற்சி எப்படிப் போகிறது, அம்மா?"

2. பாராட்டு: "இரண்டு பேருந்து மாறி வாராவாரம் அழைத்து வருகிறீர்களே!"

3. எதிரொலித்தல்: "அவன் அழுதால் உங்களால் தாங்க முடியவில்லை."

4. தொகுத்தல்: அவர் கூறியவற்றைச் சுருக்கித் திருப்பிச் சொல்லுதல்.

அடுத்து, "வீட்டுப் பயிற்சி உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? 0 முதல் 10க்குள் சொல்லுங்கள்" எனக் கேட்கலாம். தாய் 4 என்றால், "ஏன் 10 இல்லை?" என்று கேட்டால் தடைகளே வரும். "2 என்று சொல்லாமல் 4 என்றீர்களே, ஏன்?" என்று கேளுங்கள். "அவன் தானாக நிற்கணும், டீச்சர்" என்பார். அதுவே தொடக்கம். "ஒரு யோசனை சொல்லலாமா?" என்று அனுமதி பெற்ற பிறகே வழி கூறுங்கள்.

ஓர் எச்சரிக்கை: குழந்தை வலியால் அழுதால் அது பேசித் தீர்ப்பதன்று. பயிற்சியை நிறுத்தி, உடனே இயன்முறை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.