ஜெர்மன் பெயர், சீனத் தயாரிப்பு

கேள்வி: துபாயிலிருந்து மாமா கொண்டுவந்த ஸைஸ் டெர்ரா பைனாகுலரில் ‘மேட் இன் சைனா’ என்றிருக்கிறது. டூப்ளிகேட்டா?
– வாசகர், பாறசாலை

பதில்: அதை மட்டும் வைத்து டூப்ளிகேட் என்று சொல்லிவிட முடியாது. டெர்ரா இ.டி. வரிசையை ஸைஸ் சீனாவில்தான் செய்து வாங்குகிறது. அதே ஸைஸின் எஸ்.எஃப்.எல். வரிசை ஜப்பானில் தயாராகிறது. இன்னொரு ஜெர்மன் பெயரான லைக்காவுக்கு 1973 முதல் போர்ச்சுகலில் தொழிற்சாலை. அதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை!

வளைகுடாப் பணம் வரத் தொடங்கிய நாளிலிருந்தே நெய்யாற்றின்கரைப் பக்கம் ‘ஃபாரின்’ சரக்குக்குத் தனி மரியாதை. அதிலும் ஜப்பான் டேப்ரெக்கார்டருக்கு இருந்த மவுசு தைவான் செட்டுக்குக் கிடையாது. அந்தக் கண்ணோடுதான் இதையும் பார்க்கிறோம். தரம் குறைவோ என்ற பயம் முழுக்கப் பொய்யுமல்ல: டெர்ரா ஸைஸின் குறைந்த விலை வரிசைதான். ஆனால் தரத்தைத் தீர்மானிப்பது கண்ணாடியும் பூச்சும், ஆர்டர் கொடுத்தவர் எவ்வளவு கறாராகச் சோதிக்கிறார் என்பதும்தான்.

உங்கள் பைனாகுலரை நீங்களே சோதிக்கலாம். மாநில எல்லை தாண்டி சுசீந்திரம், தேரூர் குளக்கரைக்குப் போய், வெயிலில் நிற்கும் வெள்ளைக் கொக்கைப் பாருங்கள். இறகோரம் ஊதாக் கோடு தடித்துத் தெரிகிறதா? தெரிந்தால் கண்ணாடி சுமார்தான். பத்து நிமிடத்தில் கண் வலிக்கிறதா? வலித்தால் இரு குழல்களும் நேராக இல்லை என்று சந்தேகப்படலாம்.

துபாய் பில்லுக்கு இங்கே வாரண்டி செல்லுமா என்று மாமாவிடம் இப்போதே விசாரிக்கச் சொல்லுங்கள்.