ரீமேப் செய்த வண்டிக்கு வாரண்டி நிற்குமா?

“ரீமேப் பண்ணிட்டு, சர்வீஸுக்கு விடும்போது மட்டும் பழைய மேப்பை ஏத்திட்டா கண்டுபிடிக்க முடியாதுல்ல?” டர்போ கார் வைத்திருக்கும் இளைஞர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது. கண்டுபிடிக்க முடியும், பல வண்டிகளில் சுலபமாகவே. மறைத்துவிடலாம் என்ற நம்பிக்கையில் யாரும் இந்தச் செலவில் இறங்காதீர்கள். எஞ்சினுக்கோ கியர்பாக்ஸுக்கோ ஏதாவது ஆனால் என் கைக்காசில் பார்த்துக்கொள்வேன் என்று துணிந்தவர் மட்டும் இறங்கலாம்.

ரீமேப் என்பது எஞ்சினை இயக்கும் கணினியான இசியு-வின் மென்பொருளை மாற்றி எழுதுவது. அந்த மென்பொருளுக்கு ஒரு அடையாள எண் உண்டு. அந்த மென்பொருளையே கணக்கிட்டு வரும் சரிபார்ப்பு எண் ஒன்றும் உண்டு. உள்ளே எரிபொருள் அளவையோ டர்போ அழுத்தத்தையோ துளி மாற்றினாலும் அந்தச் சரிபார்ப்பு எண் மாறிவிடும். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால் எண் திரையில் வந்துவிடும். பழைய மேப்பைத் திரும்ப ஏற்றினால் எண் பொருந்தும், சரி. ஆனால் எத்தனை முறை மென்பொருள் எழுதப்பட்டது என்ற கணக்கைப் பல இசியு-க்கள் தனியாக வைத்திருக்கின்றன. அந்தக் கணக்கு சர்வீஸ் பதிவோடு ஒத்துவராவிட்டால் சந்தேகம் அங்கேயே தொடங்கிவிடும். வோக்ஸ்வாகன் குழுமம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. மாற்றிய மென்பொருள் தெரியவந்தால் கம்பெனி சர்வரில் அந்த வண்டியின் சேஸிஸ் எண் மீது ‘டிடி1’ என்ற குறி விழும். பிறகு எஞ்சின், கியர்பாக்ஸ் தொடர்பான வாரண்டி கோரிக்கை நகராது. குறி சேஸிஸ் எண்ணில் இருப்பதால் இசியு-வையே மாற்றினாலும் அழியாது.

வாரண்டியைவிட எனக்குப் பெரிய கவலை கியர்பாக்ஸ்தான். விர்டஸ், ஸ்லாவியா கார்களில் வரும் 1.5 டிஎஸ்ஐ எஞ்சினை எடுத்துக்கொள்வோம். 150 பிஎஸ் சக்தி, 250 நியூட்டன் மீட்டர் டார்க். அதோடு வரும் ஏழு கியர் டிஎஸ்ஜி தானியங்கி கியர்பாக்ஸ், டிக்யூ200 என்ற உலர் கிளட்ச் வகை. அது தாங்குவதற்கென்று வகுக்கப்பட்ட உச்சமும் அதே 250 நியூட்டன் மீட்டர். அதாவது கம்பெனியிலிருந்து வரும்போதே அந்தக் கியர்பாக்ஸ் தன் எல்லையில்தான் நிற்கிறது. ஸ்டேஜ் 1 என்று விற்கப்படும் மேப்கள் 300-ஐத் தாண்டும் என்றே விளம்பரம் செய்கின்றன. எஞ்சின் எவ்வளவு டார்க் தருகிறது என்பதை இசியு கியர்பாக்ஸுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும், அந்தக் கணக்கை வைத்துத்தான் கிளட்ச் எவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று அது முடிவு செய்யும். சில மேப்களில் இந்தக் கணக்கைக் குறைத்துக் காட்டிவிடுகிறார்கள். கிளட்ச் போதிய பிடியில்லாமல் வழுக்கும், சூடேறும், தேயும். அவினாசி சாலை நெரிசலில் ஊர்ந்து போகும்போது ஏற்கெனவே சூடாகும் கிளட்ச் அது. மேனுவல் கியர் வண்டியாக இருந்தால் வழுக்குவது காலுக்கே தெரிந்துவிடும், பெரும்பாலும் கிளட்ச் செட்டை மாற்றினால் தீர்ந்தது. டிஎஸ்ஜி-யில் பில் பல மடங்கு.

டீசல் வண்டிக்காரர்கள் பலர் ரீமேப்புக்குப் பதிலாக ட்யூனிங் பாக்ஸ் மாட்டுகிறார்கள். “கழட்டி வெச்சுட்டா தடயமே இருக்காது சார்” என்று கடைக்காரர் சொல்வார். அந்தப் பெட்டி ரெயில் பிரஷர் சென்சாருக்கும் இசியு-வுக்கும் நடுவில் உட்கார்ந்து, இருக்கும் அழுத்தத்தைவிடக் குறைவாக இருப்பதாகச் சொல்கிறது. இசியு அதை நம்பி அழுத்தத்தை ஏற்றுகிறது. 1,600 பாருக்கு மேல் வேலை செய்யும் அமைப்பில் இப்படிக் கண்ணைக் கட்டிவிட்டு ஏற்றினால் அடி இன்ஜெக்டருக்கும் பம்புக்கும் விழும். ரீமேப்பில் குறைந்தபட்சம் இசியு-வுக்கு உண்மை அழுத்தம் தெரியும். இரண்டில் ஒன்றுதான் என்றால் நல்ல ரீமேப்பையே சொல்வேன், பாக்ஸைச் சொல்லமாட்டேன்.

டீசல் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டியைக் கழற்றிவிட்டு மேப் போடுவதாகச் சொன்னால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். அந்த வடிகட்டி இல்லாமல் பிஎஸ்6 டீசல் பிஎஸ்6 ஆகவே இருக்காது. கம்பெனி குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. அதைவிட, பின்னால் ஸ்கூட்டரில் வரும் குழந்தை அந்தப் புகையைச் சுவாசிக்கிறது.

வாரண்டி விஷயத்துக்கு மறுபக்கமும் உண்டு. ரீமேப் செய்த ஒரே காரணத்துக்காக ஏசி கம்ப்ரஸருக்கும் பவர் விண்டோவுக்கும் வாரண்டி இல்லை என்று சர்வீஸ் சென்டர் சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். வாரண்டி புத்தகத்தின் விதிவிலக்குப் பக்கத்தைத் திறந்து வாசகத்தைப் பாருங்கள். மாற்றத்தால் ஏற்பட்ட பழுதுக்குப் பொருந்தாது என்று இருக்கிறதா, வாரண்டி முழுவதும் ரத்து என்று இருக்கிறதா? முதல் வகை என்றால் கேட்க உங்களுக்கு இடமுண்டு. அமெரிக்காவில் 1975-இல் வந்த மேக்னசன்-மாஸ் சட்டம் இந்த விஷயத்தில் வண்டிக்காரருக்குத் துணை நிற்கிறது. யூடியூபில் அதைக் கேட்டுவிட்டு இங்கே பேசிப் பயனில்லை. நமக்கு இருப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்.

மறுப்பை வாய்வார்த்தையாக ஏற்காதீர்கள். எந்தப் பாகம், என்ன பழுது, மேப்புக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று ஜாப் கார்டிலோ மின்னஞ்சலிலோ எழுதி வாங்குங்கள். ஸ்கேன் அறிக்கையின் நகலும் வேண்டும். கழற்றிய பாகத்தை உங்கள் கண்ணில் காட்டாமல் அப்புறப்படுத்தக் கூடாது என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். இவ்வளவு இருந்தால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் நீங்களே மனு போடலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. தேவைப்பட்டால் பாகத்தை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லும் அதிகாரமும் ஆணையத்துக்கு இருக்கிறது.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் மாற்றத்தைத் தெரிவித்துவிடுங்கள். விபத்துக்குப் பிறகு அவர்களாகக் கண்டுபிடித்தால் க்ளெய்மில் சிக்கல் வரும்.

பழைய டர்போ கார் வாங்குபவர்களும் இந்த ரீமேப் விஷயத்தைக் கவனிக்க வேண்டும். முந்தைய உரிமையாளர் மேப்பைத் திருப்பி ஏற்றிவிட்டு விற்றிருக்கலாம். பாக்கி வாரண்டியை நம்பி அதிக விலை கேட்கிறார் என்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்தக் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கு வண்டியைக் கொண்டுபோய், சேஸிஸ் எண்ணில் வாரண்டி நடப்பில் இருக்கிறதா, எஞ்சின், கியர்பாக்ஸ் உட்பட எல்லாவற்றுக்கும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் அதற்கு வர மறுத்தால் வேறு வண்டி பாருங்கள்.