வாளரமும் சங்கு வளையும்

மெட்ரோ இரயிலிலும் கடைத்தெருவிலும் வங்க மாதர் கைகளில் வெள்ளை வளையும் சிவப்பு வளையும் சேர்ந்து விளங்கக் காண்கிறோம். வெள்ளை வளைக்குச் 'சாங்கா' என்று பெயர். சிவப்பு வளைக்குப் 'போலா' என்று பெயர். இவை மணமான பெண்ணின் அடையாளம் என்பது இந்நகருக்கு வந்த சில நாட்களிலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனால் அந்த வெள்ளை வளைக்குரிய சங்கு நெடுங்காலமாக நம் மன்னார் வளைகுடாவிலிருந்து வந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? தூத்துக்குடியிலும் கீழக்கரையிலும் பரதவரும் முசுலிம்களும் மூச்சடக்கி மூழ்கி எடுத்த சங்கே, மரக்கலமேறி வங்கத்துக்கு வந்து அணியாக மாறியது.

19ஆம் நூற்றாண்டில் இவ்வளை எவ்வாறு கையால் செய்யப்பட்டது, அதை இன்று ஒருவர் உண்மை வழுவாமல் திரும்பச் செய்ய விரும்பினால் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அந்த நூற்றாண்டைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அதுவரை இத்தொழில் முழுவதும் கைக்கருவியாலேயே நடந்தது. அது மாறுவதற்குள் அறிவியல் கண்ணோடு பார்த்து எழுதிவைக்க ஒருவர் வந்துவிட்டார். சென்னை அரசாங்கத்தின் மீன்துறையில் பணியாற்றிய ஜேம்சு ஹார்னெல் எழுதிய சங்கு வளைத் தொழில் பற்றிய ஆராய்ச்சி, 1913இல் இந்நகரத்து ஆசியக் கழகத்தின் வெளியீடாக வந்தது. நம் கடற்கரையில் சங்கை ஆராய்ந்தவரே இங்கு வந்து வளையையும் ஆராய்ந்தார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

முதலில் பொருளைப் பார்ப்போம். விலங்கியலார் இச்சங்கை டர்பினெல்லா பைரம் என்பர். (நாம் இடம்புரி என்னும் சாதாரணச் சங்கை அவர்கள் வலச்சுருள் என்கிறார்கள், நம் வலம்புரி அவர்களுக்கு இடச்சுருள். தேர்வில் எழுதும்போது கவனம் வேண்டும்!) ஓடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது, அதிலும் அரகோனைட்டு என்னும் படிக வடிவம். முத்துச்சிப்பியின் மினுமினுப்பு இதற்கு இல்லை. பீங்கான் போன்ற வெண்மையே உண்டு. நுண்ணோக்கியில் பார்த்தால் மெல்லிய தகடுகள் ஒன்றுக்கொன்று குறுக்காக அடுக்கப்பட்டிருப்பது தெரியும். ஓரிடத்தில் தோன்றிய விரிசல் அடுத்த அடுக்கில் திசை மாறி நின்றுவிடுகிறது. ஆதலால்தான் அகன்ற வளையை அறுத்துச் செதுக்கியும் அது நொறுங்குவதில்லை. மோசு அளவில் அரகோனைட்டின் வன்மை 3.5 முதல் 4 வரை. சாதாரண இரும்பும் ஏறத்தாழ அவ்வளவே. எனவே இரும்பு வாள் சங்கை எளிதில் வென்றுவிடுவதில்லை. அறுக்க அறுக்க வாளும் மழுங்கிக்கொண்டே வரும்.

வங்கத்தில் இத்தொழில் செய்வோர் சாங்காரிகள். டாக்கா நகரத்துச் சாங்காரி பசார் இவர்களுடைய தலைநகரம் எனலாம். 17ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் பயணம் செய்த பிரெஞ்சு வணிகர் தவர்னியே, டாக்காவிலும் பாட்னாவிலும் கடற்சங்கும் ஆமையோடும் கொண்டு வளை செய்வோர் 2,000 பேருக்கு மேல் இருந்தனர் என்கிறார். சங்கு வகைகளுக்கு அவர்கள் வழங்கிய பெயர்களுள் இராமேசுவரி என்பது ஒன்று. கேலாக்கர் என்பது மற்றொன்று. பின்னது கீழக்கரைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 1947ஆம் ஆண்டுப் பிரிவினைக்குப் பின்னர் பல குடும்பங்கள் கொல்கத்தாவுக்கு வந்தன. 1971 மார்ச்சு 26 அன்று சாங்காரி பசார் பாக்கித்தான் படையின் தாக்குதலுக்கு ஆளாகிப் பலர் மாண்டபோது மீண்டும் ஒரு கூட்டம் வெளியேறியது. பாங்குரா மாவட்டத்து விஷ்ணுபூரிலும் இத்தொழில் பழமையானது.

இனிச் செய்முறை. சங்கின் வாய்ப்பக்கத்தைக் கோணலாக அறுத்து நீக்குவர். பின்பு சிறு சுத்தியலால் முனையையும் உள்ளிருக்கும் தடுப்புச் சுவர்களையும் தட்டி உடைப்பர். குழாய் போல எஞ்சுகின்ற பெரிய சுற்றே வளைக்குரிய பகுதி. நல்ல சங்கானால் அதிலிருந்து அகன்ற வளை மூன்று நான்கு எடுக்கலாம். அறுப்பவர் தரையில் அமர்ந்து, நிலத்தில் ஊன்றிய முளைக்கும் தம் பாதத்துக்கும் இடையே சங்கை இறுக்கிக்கொள்வார். வாளோ நாம் தச்சரிடம் காணும் வாள் அன்று. பிறை போன்ற பெரிய இரும்புத் தகடு. வளைந்த விளிம்பில் பற்கள். இரு கொம்புகளிலும் கைப்பிடி. இரு கைகளாலும் அதைப் பற்றி, ஊஞ்சலை ஆட்டுவது போல இடமும் வலமுமாக ஆட்டி அறுப்பார்கள். போகும்போதும் வரும்போதும் அது வெட்டும். இதைக் கொண்டு வங்காளியர் ஒரு மரபுத்தொடர் வழங்குகின்றனர். எப்பக்கம் திரும்பினாலும் துன்பம் என்றால் அது 'சாங்கேர் கராத்', அதாவது சங்கறுக்கும் வாள். நாம் அவ்விடத்தில் இருதலைக் கொள்ளி எறும்பு என்போம்.

இவ்வாளைத் தந்தவர் யார் தெரியுமா? நம் அகத்தியர்! டாக்காவில் மருத்துவராக இருந்த ஜேம்சு வைசு 1883இல் வெளிவந்த தம் நூலில் இதைக் குறித்துள்ளார். சங்காசுரன் என்னும் அசுரனை அகத்திய முனிவர் இப்பிறை வாளால் அறுத்து ஒழித்தார் என்பது சாங்காரிகளின் கதை. பத்ர மாதக் கடைசியில் அவருக்கு விழா எடுத்து, கருவிகளைத் தொடாமல் வேலை நிறுத்தி வைப்பார்களாம். பொதிகை மலையில் தமிழ் வளர்த்ததாக நாம் சொல்லும் முனிவர் இங்கே வளைத்தொழிலுக்குத் தெய்வமாக இருக்கிறார்.

கணிதம் பயிலும் நண்பர்கள் இங்கு ஒன்றைக் கேட்கலாம். சங்கு ஒரு சுருள் அல்லவா? சுருளைக் குறுக்கே அறுத்தால் வட்டம் எப்படிக் கிடைக்கும்? முழு வட்டம் கிடைப்பதில்லை என்பதே விடை. ஒரு சுற்று அடுத்த சுற்றோடு சேரும் இடத்தில், வளையில் தடித்த சாய்வான ஓர் இணைப்பு நிற்கும். அரம் கொண்டு அதைத் தேய்த்து வட்டத்தோடு இணக்குவதில்தான் கைத்திறமை இருக்கிறது. சிந்துவெளி மக்கள் செய்த சங்கு வளைகளில் சரியாக அந்த இடத்தில்தான் கோண வடிவில் ஒரு செதுக்கு காணப்படுகிறது. அமெரிக்க ஆய்வாளர் சோனதன் மார்க் கெனோயர் இதைக் காட்டியுள்ளார். கழிவுத் துண்டுகளில் படிந்த வாளின் கீறல்களைக் கொண்டே, சிந்துவெளியின் வெண்கல வாளும் வங்கத்து வாளைப் போல வளைந்த விளிம்புடையது என்று அவர் முடிவு கட்டினார். வங்கத்துப் பட்டறைகளில் உட்கார்ந்து பார்த்திராவிட்டால் அந்த முடிவு அவருக்குக் கிட்டியிராது.

அறுத்தபின் உள்ள வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். மணல் ஒட்டிய உருண்டைக் கோலில் வளையைக் கோத்து உட்புறம் தேய்ப்பர். கல்லில் வெளிப்புறம் தேய்ப்பர். சிறு அரத்தாலும் வில் துறப்பணத்தாலும் பூவும் கொடியும் மகர முகமும் செதுக்குவர். வண்ணம் வேண்டுமாயின் கோடுகளில் சிவப்பு அரக்கைப் பதிப்பர். சில பட்டறைகளில் மெருகுக்காக நீர்த்த நைட்ரிக் அமிலம் தடவுவதும் உண்டு. அமிலம் மேற்பரப்பை மெல்லியதாகக் கரைத்துவிடும். சற்று மிகுந்தால் செதுக்கும் போய்விடும்.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மின்சாரத்தில் சுழலும் வட்ட வாள் வந்தது. பிறை வாள் ஒதுங்கியது. இதில் வருந்துவதற்கு என்ன என்று கேட்பார்கள். முதுகு ஒடிய வாளை ஆட்டியவருக்கு இயந்திரம் விடுதலைதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இயந்திரம் கிளப்பும் வெண்தூள் மூச்சோடு உள்ளே போகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நம் கேள்வி வேறு. 19ஆம் நூற்றாண்டு வளை என்று சொல்லி ஒன்றைக் காட்சிக்கோ நாடகத்துக்கோ செய்பவர், கடையில் இயந்திரம் அறுத்த வளையம் வாங்கிப் பழைய கொடியைச் செதுக்கிவிட்டால் போதுமா? போதாது என்பது என் கருத்து. வட்ட வாள் விடும் கீறல்கள் ஒரே ஆரமுள்ள விற்கள். ஒன்றைப் போல ஒன்று இருக்கும். கையால் ஆட்டிய வாளின் கீறல்களோ திசை மாறி மாறிச் செல்லும்; சங்கைத் திருப்பி வைத்து அறுத்த இடத்தில் சிறு படியும் தெரியும். முகப்பில் இவையெல்லாம் தேய்ந்துவிடும். ஓரத்திலும் உட்புறத்திலும் பத்து மடங்கு காட்டும் கைவில்லை வைத்துப் பார்த்தால் எஞ்சியவை கண்ணுக்குப் படலாம். பிளாஸ்டிக் போலியைக் கண்டுபிடிக்க இவ்வளவு வேண்டாம். ஒரு துளி நீர்த்த அமிலம் போதும். சங்கானால் கரியமில வாயு நுரைத்து எழும். பிறருடைய வளையில் இச்சோதனையைச் செய்ய வேண்டாம்.

ஆகவே உண்மையாகச் செய்ய விரும்புவோர் வாளிலிருந்து தொடங்க வேண்டும். வாள் இருந்தால் மட்டும் போதாது. அதை ஆட்டத் தெரிந்த கையும் வேண்டும். அத்தகைய கைகள் வங்கத்தில் அருகி வருகின்றன. நம் நாட்டில் அவை எப்போதோ மறைந்துவிட்டன. ஆம், நம்மிடமும் இருந்தன. மதுரைக்காஞ்சி சங்கறுத்து வளை கடைவோரைக் குறிப்பிடுகிறது. அகநானூற்று 24ஆம் பாட்டிலோ வேள்வி செய்யாத பார்ப்பான் ஒருவன் வாளரத்தால் வளை அறுக்கிறான். அறுத்தது போக எஞ்சிய சங்கின் நுனி, விரியாத பகன்றை மொட்டுக்கு உவமையாகிறது. விஷ்ணுபூர்ப் பட்டறையின் கழிவுக் குவியலைப் பார்த்தவர்களுக்கு அவ்வுவமையின் நுட்பம் விளங்கும். கொற்கையிலும் காயலிலும் வாளால் அறுத்த சங்குத் துண்டுகளை ஹார்னெல் கண்டெடுத்தார். அண்மையில் வெம்பக்கோட்டை அகழாய்விலும் சங்கு வளைகள் மிகுதியாகக் கிடைத்துள்ளன.

தமிழகத்து வாளரம் பிறை வடிவினதா, நேரானதா? இக்கேள்விக்கு விடை அருங்காட்சியகங்களில் உள்ள துண்டுகளின் கீறல்களில் இருக்கிறது. வங்கத்துக் கைவாளின் கீறலை அருகில் வைத்து ஒப்பிட வேண்டும். பூசை விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நண்பர்கள் தமிழக அருங்காட்சியகங்களில் அனுமதி பெற்று, பக்கவாட்டு வெளிச்சத்தில், அளவுகோலும் தெரியும்படி அத்துண்டுகளைப் படமெடுத்து வந்தால், இங்குள்ள படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை நான் ஏற்கிறேன்.