பூட்டினேனா, இல்லையா?

கேள்வி: எனக்கு 48 வயது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போனால், தீய்ந்த வாடை வந்த பிறகுதான் ஞாபகம் வருகிறது. சமையலறையிலிருந்து ரூமுக்குப் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நிற்கிறேன். கதவைப் பூட்டினேனா என்ற சந்தேகத்தில் தெருமுனையிலிருந்து திரும்பி வருவது வாடிக்கையாகிவிட்டது. என் மாமியார் கடைசிக் காலத்தில் பெற்ற மகனையே "நீங்க யாரு?" என்று கேட்டார். எனக்கும் அந்த நோய்தானோ என்று பயமாக இருக்கிறது டாக்டர். ஏழெட்டு வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். நாங்கள் சைவம். வல்லாரை மாத்திரை உதவுமா?

– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: மாமியாரின் நோய் ரத்தவழியில் மருமகளுக்கு வராது. அப்படிக் கவலைப்பட வேண்டுமென்றால் உங்கள் கணவர்தான் படவேண்டும். கடிதம் எழுதியிருப்பது என்னவோ நீங்கள்.

பூட்டு விஷயம் மறதியே அல்ல. பூட்டும்போது கை பழக்கத்தில் வேலை செய்கிறது. மனம் பஸ்ஸிலோ பிள்ளையின் ஃபீஸிலோ இருக்கிறது. பதியாத ஒன்று பிறகு எப்படி ஞாபகம் வரும்? பழுப்பு நிறப் பத்து ரூபாய் நோட்டு தினமும் நம் கையில் புரள்கிறது. அதன் பின்பக்கம் என்ன படம் என்று கேட்டால் விழிப்பவர்களே அதிகம் (கோனார்க் சூரியக் கோயில்). 1979-இல் நிக்கர்சன், ஆடம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள், அமெரிக்கர்களிடம் அவர்கள் ஊர் ஒரு சென்ட் நாணயத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். பெரும்பாலோர் சொதப்பினார்கள். யாருக்கும் நோய் இல்லை.

ரூமுக்குள் போய் விழிப்பதற்கும் ஆய்வு உண்டு. ஒரே தூரம் நடந்தாலும், நடுவில் வாசற்படி தாண்டியவர்களே கையிலிருந்த பொருள் என்ன என்பதை அதிகம் மறந்தார்கள் என்று கேப்ரியல் ராட்வான்ஸ்கி குழுவினர் 2011-இல் எழுதினார்கள். அறை மாறியதும் மூளை பழைய கணக்கை மூடிவிட்டுப் புதுப்பக்கம் திருப்பிவிடுகிறது.

இரண்டுக்கும் மருந்து வாய்தான். பூட்டை இழுத்துப் பார்க்கும்போதே "பூட்டியாச்சு" என்று சத்தமாகச் சொல்லுங்கள். ஜப்பானிய ரயில் ஊழியர்கள் சிக்னலைக் கைநீட்டிக் காட்டி வாய்விட்டுச் சொல்வதை வேலை விதியாகவே வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். பாலுக்கு மட்டும் வாய் போதாது. செல்போனில் ஐந்து நிமிட அலாரம் வையுங்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறு: மெட்ஃபார்மின், சைவம். அந்த மாத்திரையை ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டால், உணவிலிருந்து வைட்டமின் பி12 உடலில் சேருவது குறையக்கூடும். பி12 இயற்கையாகக் கிடைப்பது பால், முட்டை, மீன், இறைச்சியில். உங்களுக்கு இருப்பது பால் ஒன்றுதான். அதையும் பாதி நாள் பொங்கவிடுகிறீர்கள்! பி12 குறைந்தால் மறதி, சோர்வு, கால் மரத்துப்போவது எல்லாம் வரும். தைராய்டு குறைவும் மறதியாகத் தலைகாட்டும். இரண்டும் சரிசெய்யக்கூடியவை. மாதவிலக்கு நிற்கும் வயது வேறு. இரவில் வியர்த்து விழித்தால் மறுநாள் மூளை மந்தமாகத்தான் இருக்கும். சளிக்கும் அலர்ஜிக்கும் விழுங்கும் தூக்கம் வரவைக்கும் மாத்திரைகளையும் சந்தேகப்படுங்கள்.

எப்போது பயப்பட வேண்டும்? சாவியை எங்கே வைத்தோம் என்பது மறந்தால் பரவாயில்லை. சாவி எதற்கு என்பதே புரியாமல் போனால், பழகிய தெருவில் வழி தவறினால், கேட்டதையே பத்து நிமிடத்தில் மறுபடி கேட்டால், வழக்கமாகப் போட்ட வீட்டுக் கணக்கு திடீரென்று தடுமாறினால் டாக்டரைப் பார்த்தாக வேண்டும். பெரும்பாலும் இவற்றை முதலில் கவனிப்பது வீட்டார்தான். உங்களைப் பற்றி வீட்டில் ஒருவரிடம் நேராகக் கேட்டுப் பாருங்கள்.

வல்லாரைத் துவையல் ருசியானது, சாப்பிடுங்கள். மாத்திரைக்கு உறுதியான ஆதாரம் இல்லை. அந்தப் பணத்தை மிச்சம் பிடித்து, அடுத்த முறை சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கும்போதே பி12, தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச். இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.